டேங்க்ல எண்ணெய் போனது இருக்கட்டும், குழாய்த் தண்ணில ஏன் வாடை வருது?

இங்கிலாந்துல லிங்கன்ஷயர் பக்கம் ஒரு கிராமத்துல இருந்து ஒரு சகோதரி நாலு பக்கத்துக்கு எழுதியிருக்காங்க. பேரும் ஊரும் வெளிய தெரியக்கூடாதுன்னு கேட்டதால எடுத்துட்டேன், மத்தபடி கதை இதுதான். அவங்க நர்ஸ், ஸ்கில்டு ஒர்க்கர் விசா. வீட்டுக்காரர் வேர்ஹவுஸ்ல நைட் ஷிஃப்ட். ஆறு வயசுப் பையனுக்கு வீசிங் உண்டு, திருநெல்வேலியில இருந்து மாமியார் ஆறு மாசம் இருந்துட்டுப் போக வந்திருக்காங்க. பழைய செங்கல் வீடு, வாடகைக்கு. அந்த ஊருக்கு கேஸ் லைன் வரலை, அதனால தோட்டத்துல ஒரு பச்சை பிளாஸ்டிக் டேங்க், அதுல ஹீட்டிங் ஆயில், அதுல ஓடுற பாய்லர்.

நவம்பர் நடுவுல லிட்டர் 65 பென்ஸ்னு 700 லிட்டர் ரொப்பியிருக்காங்க, 455 பவுண்டு. நாலாவது நாள் காலையில பார்த்தா பூட்டு அறுபட்டுக் கிடக்கு, டேங்குக்கு அடியில போற குழாய் வெட்டியிருக்கு, கேஜ் அடி தொட்டு நிக்குது. வீட்டு ஓனருக்கு போன் பண்ணினா "எண்ணெய் உங்களுது, அதனால பிரச்னையும் உங்களுது, டேங்க் ரிப்பேர் காசை டெபாசிட்ல கழிச்சுக்கிறேன்"னு சொல்லிட்டாராம். போலீசுக்குப் போகலை, விசாவுல ஏதாவது வந்துடுமோன்னு பயம். பாய்லர் நின்னு ரெண்டு வாரம் ஆச்சு, நாலு பேரும் ஒரே ரூம்ல ஒரு எலெக்ட்ரிக் ஹீட்டரோட இருக்காங்க, பின்பக்க பெட்ரூம் சுவத்துல கறுப்பு கறுப்பா பூஞ்சை. மாமியார் குளிர் தாங்காம ஊர் ஞாபகத்துல ஒரு இரும்புச் சட்டியில பார்பிக்யூ கரியைப் போட்டு ரூமுக்குள்ளயே கணப்பு வைக்கிறாங்களாம். வீட்டுக்காரர் டேங்கைச் சுத்தி கம்பி கட்டி கரண்ட் குடுத்துடலாம்னு பிளான் போடுறாரு. இதுக்கு நடுவுல ஒருத்தன் வேன்ல வந்து பாதி விலைக்கு எண்ணெய் தர்றேன்னு வேற சொல்லிட்டுப் போயிருக்கான்.

கேள்வி மூணு கேட்டிருக்காங்க: யார் காசு குடுக்கணும், வாடகையை நிறுத்தி வைக்கலாமா, எண்ணெயை எப்படி மிச்சம் பிடிக்கிறது. ஆனா கடைசிப் பக்கத்துல, கையெழுத்துக்கும் கீழ, போகிற போக்குல ஒரு வரி இருக்கு: "அத்தை குழாய்த் தண்ணியில சீமெண்ணெய் வாடை அடிக்குதுன்னு சொல்றாங்க, எங்களுக்கு ஒண்ணும் தெரியலை."

சகோதரி, நான் அந்த வரியில இருந்துதான் ஆரம்பிக்கப் போறேன். உங்க மூணு கேள்வியும் அதுக்கப்புறம்.

இன்னைக்கு ராத்திரியே செய்ய வேண்டியது

உங்க டேங்க்ல இருக்கிற எண்ணெய் வேற எதுவும் இல்லை, நம்ம ஊர் ரேஷன் கடையில வரிசையில நின்னு வாங்கின அதே மண்ணெண்ணெய்தான், இங்க வரி அடையாளத்துக்கு ஒரு பொருள் கலந்து வரும். ஸ்டவ்வுக்கு திரி போட்டே பாதி வயசு போன உங்க அத்தை மூக்கு அந்த வாடையில தப்பு பண்ணாது. வெட்டின குழாய்ல இருந்து திருடன் மொத்தத்தையும் உறிஞ்சியிருக்க மாட்டான், அவன் கிளம்பினதுக்கு அப்புறமும் மிச்சம் மீதி ராத்திரி முழுக்க மண்ணுல ஒழுகியிருக்கும். மண்ணுக்குள்ள போற குடிதண்ணிக் குழாய் பிளாஸ்டிக்கா இருந்தா மண்ணெண்ணெய் அந்த பிளாஸ்டிக்கையே ஊடுருவி உள்ள போயிடும், குழாய்ல ஓட்டையே வேண்டியதில்லை. அதனால அந்தத் தண்ணியைக் குடிக்காதீங்க, சமைக்காதீங்க, கொதிக்க வச்சா சரியாயிடும்னு நினைக்காதீங்க, கொதிக்க வச்சா எண்ணெய் போகாது. தண்ணி பில்லுல எமர்ஜென்சி நம்பர் இருக்கும், இப்பவே கூப்பிட்டு "தண்ணில ஹீட்டிங் ஆயில் வாடை வருது, டேங்க் ஒழுகியிருக்கு"ன்னு சொல்லுங்க. அடுத்து என்விரான்மென்ட் ஏஜென்சின்னு இங்க சுற்றுச்சூழலைப் பார்க்கிற அரசு அமைப்பு, அதோட 24 மணி நேர நம்பர் 0800 80 70 60, அதுக்கும் ஒரு போன். டேங்க் அடியில தண்ணி விட்டுக் கழுவாதீங்க, சோப்பு போடாதீங்க, அது எண்ணெயை இன்னும் ஆழத்துக்கும் பக்கத்து ஓடைக்கும் கொண்டு போகும். மணலோ, பூனைக்குப் போடுற லிட்டரோ தூவி ஊற விடுங்க.

அடுத்தது அந்தக் கணப்புச் சட்டி. அதைத் தண்ணி ஊத்தி வெளிய வையுங்க, இனிமே வீட்டுக்குள்ள வரவே கூடாது. ஊர்ல ஓட்டு வீடு, சுவத்துக்கும் கூரைக்கும் நடுவுல காத்து போகும், பிள்ளை பெத்தவளுக்குப் பக்கத்துல கணப்பு வச்சாங்க, ஒண்ணும் ஆகலைன்னு அத்தை சொல்லுவாங்க, அது உண்மையாவும் இருக்கும். இங்க ஜன்னல் இடுக்குக்கெல்லாம் டேப் ஒட்டின ஒரே ரூம்ல நாலு பேர். கரியில இருந்து வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு வாடையும் கிடையாது, நிறமும் கிடையாது, தலைவலி, தூக்கம், அப்புறம் எழுந்திருக்காமலே போறது. "ரெண்டு நாளா எல்லாருக்கும் காலையில தலை கனமா இருக்கு"ன்னு ரெண்டாவது பக்கத்துல நீங்களே எழுதியிருக்கீங்க! நீங்க நர்ஸ், இதுக்கு மேல நான் விளக்க வேண்டியதில்லை, நாலு பேரும் ரத்தத்துல கார்பன் மோனாக்சைடு இருக்கான்னு பார்க்கிற டெஸ்ட் எடுத்துக்குங்க.

இன்னொண்ணு, பாய்லர் இருக்கிற ரூம்ல ஆள் புழங்கற மாதிரி இருந்தா கார்பன் மோனாக்சைடு அலாரம் ஓனர்தான் வச்சுத் தரணும், இங்கிலாந்துல 2022 அக்டோபர் 1ல இருந்து சட்டம், ஆயில் பாய்லருக்கும் பொருந்தும். உங்க வீட்டுல இருக்கான்னு லெட்டர்ல இல்லை. இல்லைன்னா ஓனருக்கு அனுப்புற லிஸ்ட்ல அதையும் சேருங்க, அவர் தர்ற வரைக்கும் காத்திருக்காம நாளைக்கே ஒண்ணு வாங்கிடுங்க, பதினஞ்சு இருபது பவுண்டு.

போலீஸ், விசா

திருட்டுக் குடுத்தவங்க புகார் குடுத்தா விசாவுக்கு ஒண்ணும் ஆகாது. இதை எத்தனை பேருக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்னு கணக்கே இல்லை. உங்க விசாவுல "பப்ளிக் ஃபண்ட்ஸ் கிடையாது"ன்னு ஒரு வரி இருக்கு, அதைப் பார்த்துட்டு நம்ம ஆளுங்க போலீஸ், கவுன்சில், ஃபயர் சர்வீஸ் எல்லாத்தையும் தொட்டா சுடும்னு ஒதுங்கிடுறாங்க. அந்த வரி சொல்றது சில குறிப்பிட்ட உதவித்தொகைகளையும் கவுன்சில் வீடு மாதிரி விஷயங்களையும். போலீஸ்ல புகார் குடுக்கிறதோ, கவுன்சில்ல வீட்டுச் சுகாதாரம் பார்க்கிற என்விரான்மென்டல் ஹெல்த் ஆளைக் கூப்பிட்டு "வந்து வீட்டைப் பாருங்க"ன்னு சொல்றதோ அந்த லிஸ்ட்லயே இல்லை. ஆனா கவுன்சில்ல "ஹீட்டிங் செலவுக்குப் பணம் தர்றோம்"னு ஏதாவது ஃபார்ம் குடுத்தா அது வேற கதை, கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி இமிக்ரேஷன் பார்க்கிற ஒரு வக்கீல்கிட்ட கேட்டுக்குங்க.

அவசரமில்லாத விஷயத்துக்கான போலீஸ் நம்பர் 101க்கு போன் பண்ணி கிரைம் ரெஃபரன்ஸ் நம்பர் (புகார் எண்) வாங்குங்க. திருடன் கிடைப்பானான்னு கேட்டா, வெளிப்படையா சொல்றேன், பெரும்பாலும் கிடைக்க மாட்டான். ஆனா அந்த நம்பர் இல்லாம இன்ஷூரன்ஸ்காரன் ஃபைலையே திறக்க மாட்டான். அந்த வேன்காரனைப் பத்தியும் அதே போன்ல சொல்லிடுங்க. எண்ணெய் போன மறுவாரமே பாதி விலையில எண்ணெய் வருதுன்னா அது யாரு எண்ணெய்னு யோசிங்க (உங்களதாவே கூட இருக்கலாம்). திருட்டுப் பொருள்னு தெரிஞ்சோ, அப்படித்தான் இருக்கும்னு நம்பிக்கிட்டோ வாங்கினா 1968ம் வருஷ திருட்டுச் சட்டத்துல அதுவே தனிக் குத்தம். அங்கதான் நிஜமாவே விசாவுக்கு ஆபத்து இருக்கு, புகார் குடுக்கிறதுல இல்லை.

யார் காசு குடுக்கணும்

உங்க ஓனர் சொன்னதுல பாதி சரி, அதனாலதான் நீங்க முழுசா நம்பிட்டீங்க. எண்ணெய் நீங்க வாங்கினது, உங்களுது. அது போனதுக்கு அவர் பணம் தர வேண்டியதில்லை. நீங்க உங்க சாமான்களுக்கு கன்டென்ட்ஸ் இன்ஷூரன்ஸ் எடுத்திருந்தா பாலிசியை எடுத்து "தோட்டத்து டேங்க்ல இருந்து எண்ணெய் திருட்டு"ன்னு ஏதாவது வரி இருக்கான்னு பாருங்க, நிறைய பாலிசில ஒரு வரம்பு வரைக்கும் குடுக்கிறாங்க. லெட்டர்ல இன்ஷூரன்ஸ் பேச்சே இல்லை, அதனால எடுக்கலைன்னுதான் நினைக்கிறேன், அப்படின்னா அந்த 455 பவுண்டு போனதுதான், அதைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு நிக்காதீங்க.

ஆனா டேங்க், குழாய், பாய்லர் அவரோடது. 1985ம் வருஷ லேண்ட்லார்ட் அண்ட் டெனன்ட் சட்டம் 11வது பிரிவு, வீட்டைச் சூடாக்குற, தண்ணி சுட வைக்கிற அமைப்பை வேலை செய்யுற நிலையில வச்சிருக்கிறது ஓனர் பொறுப்புன்னு சொல்லுது, உங்க அக்ரிமென்ட்ல வேற மாதிரி எழுதியிருந்தாலும் அது செல்லாது. குழாயை வெட்டினது நீங்க இல்லை, முகம் தெரியாத ஒரு திருடன். அவன் பண்ணின சேதத்தை உங்க டெபாசிட்ல கழிக்க முடியாது. அந்த டெபாசிட் குடுத்த 30 நாளுக்குள்ள அரசு அங்கீகரிச்ச ஸ்கீம்ல போட்டிருக்கணும், எந்த ஸ்கீம்னு கேளுங்க, தகராறு வந்தா அங்கேயே காசில்லாம தீர்த்து வைக்க ஏற்பாடு உண்டு. போடவே இல்லைன்னா அது உங்க கையில இருக்கிற இன்னொரு துருப்புச் சீட்டு.

மண்ணுல ஊறின எண்ணெய்தான் பெரிய பணம். மண்ணைத் தோண்டி எடுக்க, தண்ணிக் குழாயை மாத்தன்னு இது பல ஆயிரம் பவுண்டுல போய் நிக்கிற விஷயம், அவரோட பில்டிங் இன்ஷூரன்ஸ்ல எண்ணெய் ஒழுகினா காசு தர்ற "எஸ்கேப் ஆஃப் ஆயில்"னு ஒரு கவர் இருக்கலாம், அதை அவர்தான் எழுப்பணும். இங்க உங்களுக்கு ஒரு ஆபத்து இருக்கு, மறைக்காம சொல்லிடுறேன்: வாடை வருதுன்னு தெரிஞ்சும் ரெண்டு மூணு வாரம் சொல்லாம இருந்தாங்கன்னு நாளைக்கு உங்க மேல திருப்பலாம். இதுவரைக்கும் அவர்கிட்ட பேசினது எல்லாம் போன்லதான், அதுக்கு சாட்சி கிடையாது. அதனால இன்னைக்கே ஈமெயில் போடுங்க, தேதியோட, படத்தோட.

வாடகையை நிறுத்தாதீங்க. பக்கத்து வீட்டு அண்ணன் நிறுத்தினாரு, ஓனர் ஓடி வந்தாருன்னு கதை சொல்லுவாங்க, அது நூத்துல ஒண்ணு. பாக்கி சேர்ந்தா உங்களைக் காலி பண்ண வைக்க அவருக்கு நீங்களே காரணம் எடுத்துக் குடுத்த மாதிரி ஆயிடும். வாடகையைக் கட்டிக்கிட்டே சண்டை போடுங்க, அதுதான் பலம். கவுன்சிலுக்குச் சொன்னா வெளிய அனுப்பிடுவாரோன்னு எழுதியிருக்கீங்க. இங்கிலாந்துல 2026 மே 1 முதல் காரணமே சொல்லாம காலி பண்ணச் சொல்ற செக்‌ஷன் 21 நோட்டீஸ் கிடையாது, புகார் குடுத்தாங்கங்கிறது ஒரு காரணமாவும் ஆகாது. கடுங்குளிர்ங்கிறது 2004ம் வருஷ ஹவுசிங் சட்டப்படி கவுன்சில் அளந்து பார்க்கிற அபாயங்கள்ல ஒண்ணு, ஆறு வயசுக் குழந்தையோட ஹீட்டிங் இல்லாத வீடுன்னு சொல்லிக் கூப்பிடுங்க.

கரண்ட் கம்பி வேண்டவே வேண்டாம்

உங்க வீட்டுக்காரர் வயல் வச்சிருந்த குடும்பம்னு புரியுது. ஊர்லயே காட்டுப்பன்னிக்கு வச்ச கரண்ட் வேலியில மனுஷன் செத்து, யானை செத்து, வச்சவங்க ஜெயிலுக்குப் போன செய்தி வருஷா வருஷம் வருது. இங்கயும் யாருக்காவது ஏதாவது ஆனா கம்பி கட்டினவர் மேலதான் கேஸ் திரும்பும். அத்துமீறி உள்ள வர்றவன் விஷயத்துலயும் இடத்தை வச்சிருக்கிறவங்களுக்கு ஓரளவு கடமை உண்டுன்னு 1984 சட்டம் வேற. அதுக்கெல்லாம் மேல, மண்ணெண்ணெய் ஊறின புல்லுல கரண்ட் கம்பி! அந்தத் தோட்டத்துலதானே உங்க பையன் பந்து விளையாடுறான்.

என்கிட்ட வந்த கேஸ்கள்ல பார்த்த வரைக்கும் உபயோகமா இருந்தது சாதாரண விஷயங்கள்தான். ஆள் நடந்தா எரியுற சென்சார் லைட். டேங்கைச் சுத்தி ஜல்லி, நடந்தா சத்தம் வரும். ரோட்டுல இருந்து டேங்க் தெரியாம இருக்க ஒரு தட்டி, ஆனா உங்க வீட்டு ஜன்னல்ல இருந்து தெரியணும், மர வேலியை டேங்கை ஒட்டி வைக்கவும் கூடாது, தீ விஷயத்துல தூரக் கணக்கு இருக்கு. முள்ளு வேணும்னா முள்ளுச் செடி நடுங்க, பைரகாந்தான்னு ஒண்ணு இங்க சுலபமா வளரும், நம்ம ஊர் இலந்தை முள்ளு அதுக்குத் தோத்துடும். டேங்குக்குள்ள அளவு திடீர்னு இறங்கினா வீட்டுக்குள்ள கத்துற எலெக்ட்ரானிக் கேஜ் நல்ல செலவு. பூட்டை மட்டும் நம்பாதீங்க, பூட்டு ரொம்ப கெட்டியா இருந்தா பிளாஸ்டிக் டேங்கையே துளை போட்டுடுவான், அப்புறம் மொத்தமும் மண்ணுக்குத்தான். அதனால ஒரே அடியா ரொப்பி வைக்காம, கம்பெனி தர்ற குறைஞ்ச அளவு (பொதுவா 500 லிட்டர்) வாங்குங்க. கிராமத்துல ஆயில் கிளப் இருக்கான்னு விசாரிங்க, பத்து வீடு சேர்ந்து ஆர்டர் போட்டா விலை குறையும், ஆனா லாரி வர்ற தேதியை ஊர் வாட்ஸ்அப் குரூப்ல எல்லாருக்கும் தெரியப் போடாதீங்க. வாசல்ல "ரொப்பியாச்சு"ன்னு போர்டு மாட்டின மாதிரிதான் அது.

ஓனர் டேங்க் மாத்துறதா இருந்தா ஒத்தைச் சுவர் டேங்க் வேண்டாம், டேங்குக்குள்ள டேங்க் வச்ச பண்டட் டேங்க் கேளுங்க. வேலைக்கு வர்றவர் ஆஃப்டெக்ல (ஆயில் பாய்லர், டேங்க் வேலைக்காரங்களைப் பதியுற அமைப்பு) பதிஞ்சவரா இருக்கணும், கேஸ் சேஃப் கார்டு ஆயிலுக்குச் செல்லாது.

எண்ணெயை மிச்சம் பிடிக்கிறது

எண்ணெய் வாங்காம ஹீட்டரையே வச்சு ஓட்டினா காசு மிச்சம்னு நினைச்சிருக்கீங்க. கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்க ஹீட்டர் 2 கிலோவாட், ஒரு நாளைக்கு 12 மணி நேரம் ஓடுதுன்னு எழுதியிருக்கீங்க, 24 யூனிட், உங்க பில்லுல யூனிட் 27 பென்ஸ், அப்போ நாளைக்கு 6 பவுண்டு 48 பென்ஸ். ஒரு லிட்டர் மண்ணெண்ணெய்ல சுமார் 10 யூனிட் சூடு இருக்கு, நல்ல பாய்லர்ல 9 யூனிட் ரூமுக்கு வரும், அதாவது நீங்க வாங்கின 65 பென்ஸ் விலைக்கு யூனிட்டுக்கு சுமார் 7 பென்ஸ்தான். 20 கிலோவாட் பாய்லர் விடாம எரிஞ்சாலும் மணிக்கு சுமார் 2.2 லிட்டர் குடிக்கும், காலையில ரெண்டு மணி நேரம் சாயங்காலம் மூணு மணி நேரம் போட்டா அதிகபட்சம் 11 லிட்டர், 7 பவுண்டு 15 பென்ஸ். நடுநடுவுல தெர்மோஸ்டாட் அணைக்கும்ங்கிறதால நிஜத்துல இதைவிடக் குறையும். ஒரு ரூமைச் சூடாக்க நீங்க குடுக்கிற கிட்டத்தட்ட அதே காசுல மொத்த வீடும் சூடாகும், சுவரும் காயும், பூஞ்சையும் பின்வாங்கும், பையன் மூச்சும் சீராகும். நான் முதல் குளிர்காலத்துல இதே தப்பைப் பண்ணி, மூணு மாசம் ஒரு ஃபேன் ஹீட்டரைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு இருந்துட்டு, எலெக்ட்ரிக் பில்லைப் பார்த்து அழுதவன், அதனால உரிமையோட சொல்றேன்.

ரிப்பேர் ஆனதும் ஆள் வரும்போதே பாய்லர்ல போற தண்ணியோட சூட்டைக் குறைச்சு வைக்கச் சொல்லுங்க. 2007க்கு அப்புறம் வந்த பாய்லர் அநேகமா புகையோட போற சூட்டையும் பிடிச்சுக்கிற கன்டென்சிங் வகை, ரேடியேட்டர்ல இருந்து திரும்பி வர்ற தண்ணி ரொம்பச் சூடா இல்லாம இருந்தாத்தான் அது எண்ணெயை முழுசாப் பயன்படுத்தும். வெந்நீர் டேங்க் தனியா இருந்தா அது மட்டும் 60 டிகிரிக்குக் குறையக்கூடாது, கிருமி வளரும். ரூம் 18 டிகிரிக்குக் கீழ போக விடாதீங்க, குழந்தையும் வயசானவங்களும் இருக்கிறதால 19, 20ல வையுங்க. நாள் முழுக்க லோ சூட்டுல ஓடவிட்டா மிச்சம்னு யாராவது சொன்னா கேட்காதீங்க, உங்க மாதிரி காத்துப் புகுற பழைய வீட்டுக்கு டைமர்தான். கேஜ் கால் பங்குக்கு வந்ததும் அடுத்த ஆர்டர் போட்டுடுங்க, சுத்தமா காலியானா குழாய்ல காத்து புகுந்து, அடிக் கசடும் இழுபட்டு, அதை எடுக்க ஒரு ஆள் கூலி.

கதவடி இடுக்கு, லெட்டர் பாக்ஸ், உபயோகிக்காத பழைய சிம்னி, இந்த மூணையும் அடைச்சாலே வித்தியாசம் தெரியும். ஆனா பாய்லர் ரூம்ல சுவத்துல இருக்கிற காத்துத் துவாரத்தை மட்டும் டேப் போட்டு மூடாதீங்க, நெருப்புக்கு மூச்சு அதுவழியாத்தான். பூஞ்சைக்கு பாதிக் காரணம் குளிர், மீதி நம்ம சமையல்: சோறு வடிக்கிறது, இட்லி அவிக்கிறது, ஈரத் துணியை ரேடியேட்டர்ல காயப் போடுறது. மூடி போட்டு சமைங்க, சமையல்ரூம் கதவைச் சாத்தி ஃபேனைப் போடுங்க. மாடியில லாஃப்ட்டுக்குத் தலையை நீட்டிப் பாருங்க, கம்பளி மாதிரி இன்சுலேஷன் 270 மில்லிமீட்டர் கனம் இருக்கணும்ங்கிறது இப்போதைய அளவு. ஒரு சாண் கூட இல்லைன்னா அதையும் படம் எடுங்க.

கடைசியா ஓனருக்குப் போற ஈமெயில். திருட்டு நடந்த தேதி, கிரைம் நம்பர், குழாய் வெட்டுப்பட்ட படம், தண்ணி வாடை, நீங்க தண்ணி கம்பெனிக்கும் ஏஜென்சிக்கும் போன் பண்ணின நேரம், ரெண்டு வாரமா ஹீட்டிங் இல்லை, ஆறு வயசுக் குழந்தைக்கு வீசிங், பூஞ்சைப் படம், 11வது பிரிவுப்படி உடனே சரி பண்ணணும், அதுவரைக்கும் தற்காலிக ஹீட்டரும் அதுக்கான கரண்ட் செலவும் அவர் தரணும், இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத் தெரியப்படுத்தணும். கோபமா ஒரு வார்த்தை வேண்டாம். ஏழு நாள்ல பதில் இல்லைன்னா கவுன்சிலுக்கு அதே ஈமெயிலை அனுப்புங்க.

அனுப்புறதுக்கு முன்னாடி அரசாங்க வெப்சைட்ல உங்க போஸ்ட்கோடு போட்டு வீட்டோட எனர்ஜி சர்டிஃபிகேட்டைப் பாருங்க, காசு கிடையாது. ஆங்கில எழுத்துல ஏ முதல் ஜி வரை ஒரு மார்க் இருக்கும். 2020 ஏப்ரல்ல இருந்து எஃப், ஜி வீடுகளை விலக்கு பதிவு பண்ணாம வாடகைக்கு விடவே கூடாது, கவுன்சில் 5,000 பவுண்டு வரைக்கும் அபராதம் போடலாம். உங்க வீடு எஃப்னா அந்த ஈமெயில்ல இன்னொரு பத்தி சேர்க்கணும், எனக்கு எழுதுங்க, சேர்த்துத் தர்றேன்.